கரை தெரியாத டைக் ஹெகார்ட்டி

ஆல்டமஹா ஆற்றில் முதல் தண்ணீர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து டைக் ஹெகார்ட்டிக்கு இணையான தெப்பக்காரன் ஒருவன் அதில் இறங்கியதில்லை. அவர் தும்மினால் சவானாத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் பாய்மரம் சாயும். அவர் துடுப்பை ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தால் ஆறு ஜார்ஜியாவை விட்டுப் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வரும். முதலைகள் அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றும். தொப்பி இல்லாத முதலைகள் வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

இதில் பாதி, இதை எழுதுகிறவன் சேர்த்தது. மீதிப் பாதி அவரே சொன்னது. உண்மையில் அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது.

அயர்லாந்தில் கார்க் பக்கத்துக்காரர். கால்வாய் வெட்ட ஆள் வேண்டும் என்று கப்பலேற்றிக்கொண்டு வந்தார்கள். மண்வெட்டியைத் தவிர வேறெதையும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. காய்ச்சல் மட்டும் கேட்காமலே வந்தது. கால்வாய் பாதியில் நின்றுபோனது. அதில் இன்றைக்கும் தவளைகள் குடித்தனம் நடத்துகின்றன. வேலை போன அயர்லாந்துக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் கலைந்தார்கள். டைக் ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தார். அப்போது மேற்கே பைன் காடுகளிலிருந்து ஒரு மரத்தெப்பம் மிதந்து வந்தது. அதன் நடுவில் களிமண் மெழுகிய அடுப்பில் பன்றிக்கொழுப்பு பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்காகத்தான் தெப்பத்தொழிலுக்கு வந்ததாக அவர் சொல்லுவார். இந்த ஒன்றை நம்பலாம்.

தெப்பத் தலைவர் ஜெப்தா கிரைனர். தாடி இடுப்புவரை இருக்கும், பேச்சு விரற்கடைதான்.

"தெப்பம் ஓட்டியிருக்கியா?" என்று கேட்டார்.

"தெப்பத்துலதான் பொறந்தேன் அண்ணே."

"எந்த ஆறு?"

டைக் தன் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயரைச் சொன்னார். அதில் வாத்து நின்றால் அதன் முழங்கால் நனையாது.

"கேள்விப்பட்டதில்லையே."

"அதுவும் உங்களைக் கேள்விப்பட்டிருக்காது அண்ணே. பெரிய ஆறு. யாரையும் மதிக்காது."

கிரைனர் அன்றைக்குச் சிரித்ததாகச் சொல்கிறார்கள். தாடிக்குள் நடந்தது யாருக்குத் தெரியும். முன்துடுப்பு டைக்கின் கைக்கு வந்தது.

மரத்தெப்பத்துக்கு முன்னால் ஒரு துடுப்பு, பின்னால் ஒரு துடுப்பு. ஒவ்வொன்றும் ஒரு முழு மரம். தலைவர் பின்னால் நின்று எந்தக் கரை என்று குரல் கொடுப்பார். முன்னால் நிற்கிறவன் அந்தப் பக்கம் தள்ள வேண்டும். எங்கள் ஆற்றில் இடது, வலது என்று யாரும் கத்துவதில்லை. வளைந்து வளைந்து போகிற ஆற்றில், ஆள் திரும்பி நின்றால் இடது வலதாகிவிடும். வடகரைக்கு 'வெள்ளை', தென்கரைக்குச் 'செவ்விந்தியன்'. ஒரு காலத்தில் வடகரைவரை வெள்ளைக்காரர்கள், தென்கரையிலிருந்து கிரீக் என்ற செவ்விந்தியர்கள். அவர்களைத் துரத்திவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் கத்துவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

இதை டைக்கிடம் யாரும் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் பயணத்திலேயே ஒரு வளைவில் கிரைனர் "வெள்ளை!" என்று கத்தினார். டைக் கரைகளைப் பார்த்தார். வடகரையில் யாரும் இல்லை. தென்கரையில் ஒரு வெள்ளைக்காரர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். டைக் உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் திரட்டி அவரை நோக்கித் தெப்பத்தைத் தள்ளினார். தூண்டில்காரர் எழுந்து ஓடினார். தெப்பம் சைப்ரஸ் மரத்தில் மோதிச் சிதறியது. டைக் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, தான் அறிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

கரையில் இழுத்துப் போட்டதும் கிரைனர் கேட்டார்: "ஏண்டா?"

"அங்கதான் அண்ணே வெள்ளைக்காரர் இருந்தாரு."

ஆற்றில் செய்தி தண்ணீரைவிட வேகமாகப் போகும். ஆறு கடலில் சேருகிற இடத்திலுள்ள டேரியன் மரத்துறைக்கு மரங்கள் வந்து சேருமுன் கதை வந்து சேர்ந்துவிட்டது. அதன்பின் பல வருஷம் டைக் துறையில் நடந்தால் யாராவது ஒருவர், "டைக்கு, வெள்ளைக்காரன் எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

அந்தப் பெயரைக் கழுவ அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்தார். எந்தத் திட்டு எந்த மழையில் இடம் மாறும் என்று பார்த்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போடுவார். கிரைனர் வாய் திறக்குமுன் தெப்பத்தின் முகம் திரும்பியிருக்கும். கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு குளிர்காலத்தில் மர முதலாளியே சொன்னார்: "இந்தத் தெப்பத்தைச் சேதமில்லாமக் கொண்டுபோய்ச் சேத்துடு டைக். அடுத்த தெப்பத்துக்கு நீதான் தலைவன்."

டைக் அன்றைக்கே ஒரு தொப்பி வாங்கினார். கருப்புக் கம்பளித் தொப்பி, அகலமான விளிம்பு. தலைவர்கள் போடுவது. ஆனால் இன்னும் தலைவராகவில்லையே. அதனால் பைக்குள் வைத்துக்கொண்டு, தெப்பத்தில் மற்றவர்கள் தூங்கும்போது மட்டும் எடுத்துப் போட்டு, தண்ணீரில் முகம் பார்ப்பார். மற்றவர்கள் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

மற்றவர்கள் என்றால் கிரைனரும் ஜூலையும். ஜூலை ஒரு மாதத்தின் பெயரல்ல, ஆள். மேட்டுப்பக்கத்து எஜமான் ஒருவருக்கு அடிமை. அந்த எஜமான் அவரைத் தெப்பவேலைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். உழைப்பு ஜூலையுடையது, கூலி எஜமானுக்கு. ஜூலையின் மனைவி பைனா, ஆற்றின் கடைசியில், டேரியனுக்குச் சற்று மேலே தென்கரையில் இருக்கும் நெல் தோட்டத்தில் வேறொரு எஜமானின் அடிமை. தெப்பம் அந்தத் தோட்டத்துப் படித்துறையில் ஒதுங்கினால் கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்வார்கள். ஒதுங்காவிட்டால், போகிற போக்கில் கையை ஆட்டுவார்கள். அதுதான் அவர்களுடைய இல்லறம்.

அந்தப் பயணத்தில், நடுவழியில் எதிரே வந்த நீராவிப் படகிலிருந்து விறகு அடுக்குகிற ஒருவன் ஜூலையைப் பார்த்துக் கத்தினான்: "ஜூலை, உனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பைனா நல்லா இருக்கா." படகு தாண்டும்போது இன்னொன்றும் சொன்னான். "கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கொஞ்சப் பேரை ஃபுளோரிடாவுக்கு அனுப்புறாங்களாம். பைனாவும் அதுல இருக்காளாம்."

"ஃபுளோரிடாவுல எங்க?" என்று ஜூலை கேட்டார். படகின் இரைச்சல் பதிலைத் தின்றுவிட்டது.

ஃபுளோரிடா என்றால் ஒரு தெருவா, ஒரு சந்தா? போய்ச் சேருகிற இடத்தின் பெயர் தெரியாவிட்டால், அதன்பின் மனைவியும் குழந்தையும் உயிரோடு இருந்தாலும் இல்லாத மாதிரிதான். கிறிஸ்துமஸுக்கு அதிக நாள் இல்லை. அதற்குமுன் தோட்டத்தைத் தாண்டிப் போகிற கடைசித் தெப்பம் இதுதான்.

ஜூலை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிரைனரிடம் போனார். "ஐயா, தோட்டத்துப் படித்துறையில கொஞ்ச நேரம் கட்டினா..."

"கட்ட முடியாது. டேரியன்ல கப்பல் நிக்குது."

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திடுறேன் ஐயா."

"ஆளாளுக்குப் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கத்தான் மரம் வெட்டி மிதக்க விட்டிருக்கோமா? போய்த் துடுப்பைப் பிடி."

கிரைனர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்வதற்கும் அவர் எதுவும் செய்ததில்லை.

அன்று மத்தியானம் சோள ரொட்டியும் கொழுப்பும் தின்னும்போது டைக்கும் ஜூலையும் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை சாப்பிடவில்லை. கேட்காமலே ஆற்றைப்பற்றிப் பேசத் தொடங்கினார்.

"தோட்டத்துக்கு முன்னால, தென்கரைப் பக்கம், வளைவுல ஒரு சேத்துத் திட்டு இருக்குல்ல, ஐயா."

"இருக்கு."

"கடல் தண்ணி ஏறி நிக்கிறப்ப அது தெரியாது. இறங்க ஆரம்பிச்ச நேரத்துல ஒரு தெப்பம் அதுல ஏறிடுச்சுன்னு வைங்க, அடுத்த ஏத்தம் வர்ற வரைக்கும் அசையாது. விடியத்தான் மிதக்கும். உதவி கேட்டுத் தோட்டத்துக்கு ஆள் அனுப்புறது வழக்கம். கயிறு, படகு, அது இதுன்னு."

"தெப்பம் உடைஞ்சிடாதா?"

"சேறுங்க. மெத்தை மாதிரி."

"மெத்தையில படுத்தே எத்தனையோ பேர் செத்திருக்காங்க," என்றார் டைக். நீச்சல் தெரியாதவருக்கு இந்தக் கவலை நியாயமானதுதான்.

ஜூலை தன் ரொட்டியை டைக்கின் பக்கம் நகர்த்தினார்.

"நான் முன்துடுப்புக்கு வந்தா நானே பார்த்துக்குவேன்," என்றார் ஜூலை.

"வந்தா உன் முதுகுல தோல் இருக்காது. உன்னை வித்தாலும் விப்பாங்க." டைக் ரொட்டியை மென்றார். "நீ பின்னால போய்க் கிரைனர் பக்கத்துலயே நில்லு. அவர் கண்ணு முன்னால. இருமக்கூட இருமாதே."

"அப்ப யாரு, ஐயா?"

டைக் பைக்குள் கையை விட்டுத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். புதுக் கம்பளி. பூனைக்குட்டி முதுகு மாதிரி இருந்தது. ஒரு கருப்பன் தெப்பத்தை மோதினால் அது குற்றம். இன்னொருவன் மோதினால் அது விபத்து. டைக் ஹெகார்ட்டி மோதினால்? அது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த நகைச்சுவை. யாரும் காரணம் தேடமாட்டார்கள். இத்தனை வருஷம் அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அழுக்கு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் வேறு யாரிடமும் இல்லாத சொத்து.

பின்னேரம் வளைவு வந்தது. கடல் தண்ணீர் ஏறி முடித்து, திரும்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஜூலை பின்னால், கிரைனரின் தாடிக்குப் பக்கத்தில், தேவாலயத்தில் நிற்கிற மாதிரி நின்றார். தென்கரை வரப்பில் தோட்டத்துக் கண்காணி குதிரைமேல் உட்கார்ந்து தெப்பத்தை வேடிக்கை பார்த்தான். வெள்ளைக்காரன். சூரியன் பட்டுச் சட்டை பளபளத்தது. ஆண்டவனே ஏற்பாடு செய்து அனுப்பிய மாதிரி இருந்தது என்பார் டைக்.

"வெள்ளை!" என்று கத்தினார் கிரைனர்.

டைக் திரும்பிப் பார்த்தார். கண்காணியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். துடுப்பைத் தென்கரைக்குத் தள்ளினார்.

"வெள்ளைடா! வெள்ளை!"

"போய்க்கிட்டேதான் இருக்கேன் அண்ணே," என்றார் டைக், இன்னும் பலமாக இழுத்துக்கொண்டு.

தெப்பம் திட்டின்மேல் ஏறி, பெருமூச்சு விட்டு, படுத்துக்கொண்டது. ஜூலை சொன்ன மெத்தைதான். காப்பிப் பானை மட்டும் கவிழ்ந்தது.

கிரைனர் முன்பக்கம் நடந்து வந்தார்.

"அண்ணே," என்றார் டைக், கண்காணியைக் கை காட்டி, "அவன் வெள்ளையாத்தானே இருக்கான்?"

கிரைனர் மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். கரையில் கண்காணி சிரித்த சிரிப்பில் குதிரை நகர்ந்து இரண்டுமுறை சுற்றியது. அவனுக்கும் பழைய கதை தெரியும். அதை நேரில் பார்க்கக் கிடைத்த அதிர்ஷ்டத்தை அவனால் நம்ப முடியவில்லை. "இன்னொரு தடவை செய்யச் சொல்லு," என்று அங்கிருந்தே கத்தினான்.

கயிறு கேட்க ஜூலையை அனுப்பினார் கிரைனர். கண்ணைத் துடைத்துக்கொண்டே கண்காணி சொன்னான்: "கயிறு எதுக்கு? விடியத்தான் தண்ணி ஏறும். நீ பைனா புருஷன்தானே? குடிசைக்குப் போ. விடியறதுக்குள்ள தெப்பத்துல இருக்கணும்." அடிமை இன்னொரு தோட்டத்துக்குள் போக எஜமானின் அனுமதிச் சீட்டு வேண்டும். சிரிப்பில் இருக்கிறவன் அதைக் கேட்கமாட்டான்.

ஜூலை தெப்பத்தை விட்டு இறங்கும்போது டைக் கூப்பிட்டார்.

"வெறுங்கையோடயா பிள்ளையப் பார்ப்பே? இந்தா." தொப்பியை நீட்டினார்.

"இது உங்க..."

"எனக்கு இனிமே எதுக்கு? முதலைக்கு வணக்கம் சொல்லவா? கொண்டு போ."

விடியலில் தண்ணீர் வந்து தெப்பத்தைத் தூக்கியது. ஜூலை வந்தார். சோளத்தோலில் சுற்றிய அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தார். "பைனா உங்களுக்குக் கொடுத்தா." பின்துடுப்புக்குப் போகும்முன் மெல்லச் சொன்னார்: "பெல்மோர். சுவானி ஆத்துக்கு அந்தப் பக்கம். தோட்டத்துப் பேரு பெல்மோர்." டைக்கும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒருவர் மறந்தாலும் இன்னொருவருக்கு இருக்குமே.

வரப்பின்மேல் பைனா நின்றாள். கையில் ஒரு கருப்புத் தொப்பி. தொப்பிக்குள் குழந்தை. வெளியே தெரிந்தது ஒரு மூக்கு மட்டும்.

அதன்பின் நடந்ததையெல்லாம் ஊரே அறியும். அடுத்த தெப்பத்துக்குக் கிரைனரின் மருமகன் தலைவனானான். அவனுக்கு மீசை முளைத்தது அந்த வருஷம்தான். டைக் முன்துடுப்பிலேயே இருந்தார், பிறகு அதுவும் போய், மரத்துறையில் மிதக்கும் மரங்களைக் கொக்கியால் ஒதுக்குகிற வேலைக்கு வந்தார். "டைக்கு, வெள்ளைக்காரன் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி பழைய பலத்தோடு திரும்பி வந்தது. இந்தத் தடவை பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "சாப்பாடு இருக்கிற பக்கம்."

வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் சண்டை வந்தது. வடக்குப் படை டேரியனைக் கொளுத்தியது. சண்டை முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும் ஜூலை யாருக்கும் சொந்தமில்லாத மனிதரானார். அன்றைக்கே தெற்கே நடந்தார். சுவானிக்கு அந்தப் பக்கம், பெல்மோர். போனபோது தோட்டம் காலியாக இருந்தது. ஆட்கள் கலைந்து போயிருந்தார்கள். ஆனால் வழியில் கேட்பதற்கு ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. பெரிய கருப்புத் தொப்பி போட்ட சின்னப் பெண்ணைப் பார்த்தீர்களா? பார்த்தவர்கள் மறக்கவில்லை. தோள்வரை இறங்கும் தொப்பி. அதற்குள் ஒரு வாய், அது பேசிக்கொண்டேயிருக்கும். ஒரு ஓடத்துறையில் அந்தத் தொப்பியே அவரைப் பார்த்து, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. துறையில் பிள்ளைகள் கேலி செய்யும்போதெல்லாம் டைக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், இல்லாத தொப்பியின் விளிம்பைப் பிடித்து, கழற்றி, வணக்கம் சொல்லி, மறுபடி போட்டுக்கொள்வார். பிள்ளைகள் இன்னும் சிரிப்பார்கள். அவர் கோமாளித்தனம் செய்கிறார் என்று நினைத்தார்கள். அவர் ஃபுளோரிடாவில் எங்கேயோ இருக்கிற ஒரு தொப்பியைத்தான் கழற்றினார். பெரியவனானால் அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று இதை எழுதுகிறவனுக்கு ஆசை. வேறு யாரைப் போலவும் ஆக ஆசையில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது டேரியனில் வீடுகள் புதுப்பலகையில் எழும்புகின்றன. ஜூலையும் டைக்கும் ஒரே ரம்ப ஆலையில் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிடும்போது, "என் சரித்திரத்தை எழுதினியாமே, படி," என்றார் டைக், இதை எழுதுகிறவனிடம். அவருக்கு எழுத்து தெரியாது. பைனாவும், தொப்பியும், தொப்பிக்குள் அவள் மகள் ஃபிபியும் கேட்க வந்து உட்கார்ந்தார்கள்.

முதலைகள் வந்த இடத்தில் அவர் பெருமையாகத் தலையாட்டினார். வாத்து வந்த இடத்தில், "அது பெரிய வாத்து," என்றார். ஓடத்துறை முடிந்தது. இல்லாத தொப்பியைத் தாண்டி, அடுத்து டேரியனும் புதுப்பலகையும் வந்தன.

"நில்லு," என்றார் டைக்.

"என்ன மாமா?"

"ஒவ்வொரு தாளையும் அடிவரைக்கும் விரல் வச்சுப் படிச்சே. இந்தத் தாள்ல பாதியிலயே விரல் எகிறிடுச்சு."

"அங்க ஒண்ணுமில்ல மாமா. மை கொட்டிடுச்சு."

ஜூலை தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கும் எழுத்து தெரியாதுதான். "மை நல்லா வரிசை வரிசையாக் கொட்டியிருக்குது டைக்கு," என்றார்.

"ஆத்துல எங்க திட்டு இருக்குன்னு ஒருத்தன் எப்படிக் கண்டுபிடிப்பான் தெரியுமா?" டைக் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டார். "அந்த இடத்துல மட்டும் மத்தவன் சுத்திக்கிட்டுப் போவான். காது ஏண்டா சிவந்திருக்கு?"

"வெயில் மாமா."

"வெயில் உனக்கு முதுகுப் பக்கம் இருக்கு. படி."